துர்காவை இரண்டாம் முறை பெண் பார்த்த வைபவம்

ஒரே மாப்பிள்ளை ஒரே பெண்ணை இரண்டு முறை பெண் பார்க்க வந்த சங்கதி திருத்தணியில் இதற்கு முன் நடந்ததில்லை. மலையடிவாரத்தில் துர்காவின் வீடு இருக்கிற தெருவில் இப்படிப்பட்டவற்றை ஞாபகம் வைத்துக்கொள்வதையே முழுநேர வேலையாகச் செய்கிறவர்கள் உண்டு. அவர்களே உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

துர்கா யார் என்று கேட்டால் பேருந்து நிலையத்தில் பூக்கட்டும் பெண்கள்கூடச் சொல்லிவிடுவார்கள். நிலையத்துக்கு எதிரே இ-சேவை மையம் நடத்துகிறவள். ஆதார் திருத்தம், வருமானச் சான்று, பட்டா நகல் என்று பாதி ஊர் அவள் முன்னால் வரிசையில் நின்றிருக்கிறது. யாருக்கு உண்மையில் என்ன வயது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் தெருப் பெண்களுக்கு அவள்மேல் பயம் கலந்த ஒரு மரியாதை. வாயும் கொஞ்சம் நீளம். ஆனால் போன ஆவணியில் முதல்முறை பெண் பார்க்க வந்தபோது அந்த வாயை அவள் அம்மா பிரபாவதி இழுத்துச் சாத்திப் பூட்டியிருந்தாள். கிளிப்பச்சைப் புடவை, தாழ்ந்த தலை, கையில் கேசரித் தட்டு. பெண் ரொம்ப அமைதி என்று பிரபாவதி சொன்னபோது கூடவே உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு மணியம்மைக்குப் புரையேறிவிட்டது. கேசரியும் துர்கா கிளறியதில்லை, ரயிலடிப் பக்கம் ஒரு கடையில் வாங்கியது. இதை இங்கே சொல்லியிருக்க வேண்டியதில்லை, வாய்க்கு வந்துவிட்டது.

மாப்பிள்ளை திலீப். திருவாலங்காட்டுப் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற சொந்த நிலம், ஒரே பிள்ளை. அப்பா பங்காரு எதற்கெடுத்தாலும் சிரிப்பவர், அம்மா மனோரமா எதற்கெடுத்தாலும் கவலைப்படுபவள். வீட்டில் பிள்ளைக்கு இரண்டும் பாதிப்பாதி கிடைத்திருந்தது. வந்தார்கள், பார்த்தார்கள், சரி என்றார்கள். தையில் கல்யாணம் என்று தட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ருசியே. இரண்டு பேரும் போனில் பேச ஆரம்பித்தார்கள். அமைதி என்று காட்டிய பெண் வாய் ஓயாதவள் என்று தெரிந்ததும் திலீப் ஏமாந்துபோகவில்லை. அதிர்ஷ்டச் சீட்டு விழுந்தவன் மாதிரி ஆகிவிட்டான். மையத்துக்கு வருகிறவர்களின் கூத்துகளை அவள் நடித்துக் காட்டுவாள், அவன் வயல்காட்டு மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். துர்காவுக்கு அவன்மேல் நிஜமாகவே மனசு போய்விட்டது. நிச்சயம் செய்த மாப்பிள்ளைமேல் ஆசை வருவதெல்லாம் தெருவுக்குச் சப்பென்ற செய்தி. ஆகவே யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஐப்பசி மழையில் வயலெல்லாம் தண்ணீர் நின்றது. கொட்டகையைச் சுற்றிக் கொக்குகள், மதகுப் பக்கம் யாரோ மேயவிட்ட பன்றிகள், சாயங்காலமானால் கொசு. ஒருநாள் திலீப் தலை வெடிக்கிறது என்று படுத்தான். காய்ச்சல், வாந்தி. அப்புறம் பேச்சு குழறியது. பங்காரு மகன் குடித்துவிட்டு வந்துவிட்டான் என்று வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோபப்பட்டார். மனோரமா காத்து கருப்பு என்று வேப்பிலைக்கு ஆள் அனுப்பினாள். வேப்பிலை வருவதற்குள் வலிப்பு வந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் யோசிக்கவில்லை, வண்டி நேராகச் சென்னைக்குப் பறந்தது.

அங்கே முதுகுத்தண்டில் நீர் எடுத்துச் சோதித்து, ஜப்பான் மூளைக்காய்ச்சல் என்றார்கள். செய்தி தெருவுக்கு வந்தபோது மணியம்மை கேட்ட முதல் கேள்வி, அவன் ஜப்பானுக்கு எப்போது போனான் என்பது. போகவே வேண்டாம், பெயர்தான் அங்கேயிருந்து வந்தது, கிருமி நம்ம வயல்காட்டிலேயே கொக்கிலும் பன்றியிலும் குடியிருக்கிறது, கொசு அதை எடுத்துக்கொண்டு வந்து மனுசனுக்குக் கொடுக்கிறது என்று துர்கா கணினியில் படித்து விளக்கினாள். மனுசனிடமிருந்து மனுசனுக்குத் தொற்றாது என்பதை மட்டும் மூன்று வீட்டு வாசலில் நின்று சத்தமாகச் சொன்னாள், ஏனென்றால் அதற்குள் அந்த மூன்று வீடுகளும் பிரபாவதி கொடுத்தனுப்பிய சாம்பாரைத் திருப்பி அனுப்பியிருந்தன.

அந்தக் கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது, உடம்புதான் போராடி ஜெயிக்க வேண்டும், நாங்கள் பக்கத்தில் நின்று தாங்கிப் பிடிக்கிறோம் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். துர்காவை அவள் அப்பா சிவப்பிரகாசம் ஒரே ஒரு தடவை கூட்டிப்போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழாய்களுக்கு நடுவே அவன் கிடந்ததை அவள் பார்த்தாள். திரும்பி வரும் ரயிலில் அரக்கோணம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. துர்கா ஒரு மணி நேரம் பேசாமல் வந்ததைச் சிவப்பிரகாசம் சொல்லித் தெரு குறித்துக்கொண்டது.

உடம்பு ஜெயித்தது. மார்கழியில் வீட்டுக்கு வந்துவிட்டான். டாக்டர் எந்தத் தொந்தரவும் கூடாது என்றிருக்கிறார், போன்கூட வேண்டாம் என்று மனோரமா சொல்லியனுப்பினாள். பொங்கல் முடிந்ததும் பிரபாவதியும் சிவப்பிரகாசமும் ஆப்பிளும் சத்துமாவு டப்பாவுமாக மாப்பிள்ளையைப் பார்க்கப் போனார்கள். திலீப் எழுந்து நின்று வணக்கம் சொன்னான், உட்காரச் சொன்னான், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். கடைசியில் மிகவும் மரியாதையாக, நீங்கள் பயிர் காப்பீட்டிலிருந்து வந்திருக்கிறீர்களா என்றும் கேட்டான்.

அப்போதுதான் மனோரமா அழுதுகொண்டே உண்மையைக் கக்கினாள். பழசெல்லாம் ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடம், முதல் டிராக்டர், போன ஆடிக் கிருத்திகைக்கு மலையில் நின்ற கூட்டம், எல்லாம் இருக்கிறது. அதற்குப் பிறகு மருத்துவமனையில் கண் விழித்தது வரைக்கும் துடைத்துவிட்ட மாதிரி ஒன்றுமில்லை. ஆவணியில் பெண் பார்த்தது, தட்டு மாற்றியது, போனில் பேசியது, ஒன்றும் இல்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சேதி துர்காவிடம் வந்து சேர்ந்தபோது அவள் மையத்தில் ஒருவரின் கைரேகையைப் பதிந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு அவர் பெயரில் வேறு யாருடைய ஊரையோ ஏற்றிவிட்டாள். அவன் சிரித்த சிரிப்பெல்லாம் இனி அவள் ஒருத்தியிடம்தான் இருக்கிறது, அவனிடம் இல்லை. ஆனால் அதைவிட அவளைக் கடித்தது வேறு. நீ சரி என்று சொல்லிவிட்டாய் என்று வீட்டில் சொன்னால் திலீப் தலையாட்டிவிட்டுத் தாலி கட்டிவிடுவான், அவன் சுபாவம் அப்படி. போட்ட கையெழுத்து ஞாபகமில்லாவிட்டாலும் பத்திரத்துக்குக் கட்டுப்படுகிற மாதிரி. அப்படி ஒரு கல்யாணம் துர்காவுக்கு வேண்டாம். அவளைத் தெரியாத அந்தத் திலீப்புக்கும் அவளைப் பிடிக்க வேண்டும். அதைத் தன் காதால் கேட்க வேண்டும். இல்லையென்றால் தட்டைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். பிரபாவதி அன்றிரவு சாப்பிடவில்லை.

நல்லவேளை, அந்தப் பக்கமும் திலீப் மக்கர் செய்தான். பார்க்காத பெண்ணை எப்படிக் கட்டிக்கொள்வது என்று கேட்டானாம். நீதான் பார்த்தாயே என்று மனோரமா நிச்சயதார்த்தப் படத்தைக் காட்டினாள். அவன் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, இதில் இருப்பவன் பார்த்திருக்கிறான், நான் பார்க்கவில்லை என்று சொன்னானாம். மணியம்மை மூலமாக இது காதில் விழுந்த அன்று துர்கா இரண்டு தட்டு பரோட்டா சாப்பிட்டாள்.

ஆக, பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பெண் பார்ப்பது என்று முடிவாயிற்று. அதைச் சாதாரணமாக நடத்தியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. இரண்டு அம்மாக்களும் போனில் கூடிப் பேசி ஒரு சித்தாந்தம் கண்டுபிடித்தார்கள். போன தடவை எப்படி எப்படி நடந்ததோ அப்படியே அச்சு அசலாக நடத்திவிட்டால் பையனுக்கு ஞாபகம் வந்துவிடும். வராவிட்டாலும் பரவாயில்லை, போன தடவை அப்படி நடந்துதானே சரி என்றான், இந்தத் தடவையும் சரி என்பான். டாக்டரைக் கேட்கலாமே என்று சிவப்பிரகாசம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். அவர் வீட்டில் அவர் சொல்லிப் பார்க்கிற வார்த்தைகளுக்கு என்ன நேருமோ அதுவே நேர்ந்தது.

பிரபாவதி துர்காவின் போனில் இருந்த பழைய படங்களைப் பார்த்துப் பார்த்துக் கூடத்தைத் தயார் செய்தாள். நாற்காலி எந்தக் கோணத்தில் கிடந்ததோ அந்தக் கோணம். காலண்டரில் ஆவணி மாதத் தாள். அம்மையார்குப்பத்தில் நெய்த அதே கிளிப்பச்சைப் புடவை; ரவிக்கை மட்டும் கவலையில் இளைத்த உடம்புக்குத் தொளதொளத்தது, உள்பக்கம் ஊக்கு குத்திச் சமாளித்தார்கள். அதே கடைக் கேசரி. மணியம்மையும் அதே இடத்தில் உட்காரவேண்டும் என்று அவளே வந்து உரிமை கொண்டாடினாள். போன தடவை பங்காரு வாசல்படியில் தும்மியதால் எல்லோரும் ஒரு நிமிடம் வெளியே நின்றிருந்தார்கள்; ஆகவே அவர் தும்ம வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டார். போன தடவை பஜ்ஜி வந்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. ஆகவே பஜ்ஜி வந்ததும் கொல்லைப் பக்கம் போய் மெயினை அணைக்கும் பொறுப்பு சிவப்பிரகாசத்துக்கு.

இத்தனை ஏற்பாட்டிலும் துர்காவுக்கு ஒரே ஒரு கட்டளை: போன தடவை மாதிரி வாயைத் திறக்காமல் இருப்பது.

வந்தார்கள். பங்காரு வாசலில் நின்று மூக்கைப் பிடித்துப் பார்த்தார், தும்மல் வரவில்லை. வாயாலேயே அச்சு என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். திலீப் அப்பாவை விசித்திரமாகப் பார்த்தான். கொஞ்சம் இளைத்திருந்தான், நடை ஒரு நூல் மெதுவாகியிருந்தது. வலது கையை மடியில் ஒரு துண்டுக்கடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தான். துர்கா கேசரித் தட்டை நீட்டியபோது இடது கையால் எடுத்துக்கொண்டான். மனோரமா சட்டென்று, பையன் இப்போது இடது கைப் பழக்கம் என்று ஏதோ சொன்னாள். துர்கா தலையைத் தூக்காமலே அதைப் பார்த்துக்கொண்டாள். அவன் அவளைப் பார்த்தான். ஒரு மரியாதையான, ஒன்றும் தெரியாத பார்வை.

பஜ்ஜி வந்தது. மின்சாரம் போனது. சன்னலைக்கூட அன்றைக்கு மாதிரி சாத்தி வைத்திருந்ததால் கூடம் நன்றாகவே இருட்டிவிட்டது. பிரபாவதி போன தடவை சொன்ன அதே வசனத்தைச் சொன்னாள், இந்த ஊரில் எப்போதும் இப்படித்தான் என்று.

திலீப் எழுந்துவிட்டான். பக்கத்து வீட்டில் விசிறி ஓடுகிற சத்தம் கேட்கிறது, இந்த வீட்டில் மட்டும்தான் போயிருக்கிறது, ட்ரிப் ஆகியிருக்கும், நான் பார்க்கிறேன் என்றான். வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு அம்மாக்களும் ஒரே குரலில் கத்துவதற்குள் போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டான். எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள். அங்கே மெயின் சுவிட்சின் மேல் கையை வைத்தபடி, திருட்டில் அகப்பட்டவர் மாதிரி சிவப்பிரகாசம் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா சார், நீங்களேதான் ஆப் பண்ணிகினு நிக்கிறீங்களா?" என்றான் திலீப்.

"ஆங், அது வந்து தம்பி... போன தடவயும் போச்சு," என்றார் அவர்.

துர்கா சிரித்துவிட்டாள். சின்னச் சிரிப்பு இல்லை, மாதக்கணக்காக உள்ளே கிடந்தது. வாயைப் பொத்தினாள், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், ரவிக்கை ஊக்கு ஒன்று தெறித்து விழுந்தது. அதைப் பார்த்துப் பங்காருவுக்குச் சிரிப்பு வந்து, அந்தச் சிரிப்பில் நிஜமாகவே தும்மினார். திலீப் சுவிட்சை மேலே தள்ளினான். வெளிச்சத்தில் திரும்பி, அன்றைக்கு முதன்முதலாக அவளை நன்றாகப் பார்த்தான்.

பெண்ணோடு தனியாகப் பேசவேண்டும் என்று அவனேதான் கேட்டான். போன தடவையும் மாடிக்கு அனுப்பினார்கள், அதனால் சட்டப்படி மறுக்க ஒன்றுமில்லை. போன தடவை மாடியில் என்ன படித்தீர்கள், என்ன சாப்பிடுவீர்கள் என்று பேசிவிட்டு இறங்கிவிட்டார்கள். இந்தத் தடவை பேசியது வார்த்தைக்கு வார்த்தை எப்படித் தெரியும் என்றால், பக்கத்து மொட்டைமாடியில் மணியம்மையின் வடாம் காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்த வடாத்தைத் திருப்பிப் போட ஏறியவள் இறங்க மறந்துவிட்டாள்.

எதிரே மலையில் மொட்டைத் தலைகள் படியேறிக்கொண்டிருந்தன. திலீப் துண்டை எடுத்துத் தோளில் போட்டுவிட்டு வலது கையை முன்னால் நீட்டினான். விரல்கள் காற்றில் இலை மாதிரி நடுங்கின.

"அம்மா மறைக்கச் சொன்னாங்க. எனக்கு அது சரியா படல. இது போவுதோ, இப்படியே இருக்குதோ தெரியாது. இதயும் பாத்துட்டுச் சொல்லுங்க."

துர்கா கையைப் பார்த்தாள். வலிக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இல்லை, காப்பி குடிக்கும்போதுதான் சட்டைக்குக் கஷ்டம் என்றான்.

"போன்ல நெறைய பேசுனோமாமே. இன்னா பேசுனோம்?"

அவளுக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. கொட்டியிருந்தால் அவன் நம்பியிருப்பான், கடன் வாங்கிய ஆசையை வைத்துக்கொண்டு சரி என்றிருப்பான். நாக்கைக் கடித்துக்கொண்டாள். நீங்கள் கரும்பைப் பற்றி, நான் ஆதார் கார்டைப் பற்றி என்று சொல்லி முடித்துவிட்டாள்.

"ஒரு விசயம் கேக்கணும்," என்றான் அவன். "நான் சரின்னு சொன்னேன், சரின்னு சொன்னேன்னு எல்லாரும் சொல்லிகினே இருக்கிறாங்க. நீங்க இன்னா சொன்னீங்கன்னு ஒருத்தரும் சொல்லல."

துர்கா யோசித்துப் பார்த்தாள். வேடிக்கைதான், ஆனால் அவளுக்கே அதுவரை தோன்றவில்லை.

"என்ன யாரும் கேக்கலயே. பொண்ணுக்கு சம்மதந்தான்னு எங்க நைனா சொல்லிட்டாரு. நான் தட்ட வெச்சிகினு நின்னேன்."

"இப்ப நான் கேக்கறேன்."

"மொதல்ல நீங்க சொல்லுங்க. ஒங்களுக்கு நான் இன்னும் யாரோதானே?"

"ஆங். யாரோதான்." அவன் பொய் சொல்லப் பழகாதவன். "ஆனா கீழ சிரிச்சீங்கல்ல, அத இன்னொரு தடவ கேக்கணும்னு இருக்குது. எனக்குப் புடிச்சிருக்குது. போன தடவ சொல்லிட்டேனேன்னு சொல்லல. இது புதுசு."

பக்கத்து மாடியில் ஒரு வடாம் நொறுங்கியது. துர்காவுக்குக் கால் தரையில் இல்லை. அவள் கேட்க வேண்டும் என்று காத்திருந்த வார்த்தை அதுதான். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் கீழே போய்ப் பஜ்ஜி சாப்பிடலாம். ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவன் அவள் பதிலுக்காகக் காத்து நிற்கிறான். அந்தச் சுகத்தை அவ்வளவு சீக்கிரம் முடித்துவிட எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு வரும்? அதோடு அவளுடைய பதிலுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

"நீங்க ரெண்டு தடவ பொண்ணு பாத்துட்டீங்க," என்றாள். "நான் ஒரு தடவகூட மாப்பிள்ள பாக்கல. வந்து பாத்துட்டுச் சொல்றேன்."

திலீப் ஒரு நொடி முழித்தான். அப்புறம் சிரித்தான். போனில் கேட்ட அதே சிரிப்பு, ஒரு சுரம் குறையாமல். அவள் சட்டென்று மலைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணில் தூசி என்று மணியம்மை பிறகு எல்லோரிடமும் சொன்னாள், நம்பாத குரலில்.

கீழே இதைக் கேட்டதும் மனோரமாவுக்குத் தலை சுற்றியது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவது உண்டு, பெண்ணே கிளம்பி வந்து மாப்பிள்ளையைப் பார்ப்பது எங்கே உண்டு? பிரபாவதி மகளைக் கிள்ளிய கிள்ளில் கை கன்றிப்போனது. பங்காரு மட்டும் தொடையைத் தட்டினார். "வரட்டுமே. நம்ம கேசரியயும் துண்ணு பாக்கட்டும்," என்றார்.

மனோரமாவின் பயம் வேறு என்று துர்காவுக்குப் புரிந்தது. அவள் பயந்தது மாத்திரை டப்பாவுக்கும், சட்டைப் பொத்தானைப் பிள்ளை எத்தனை நேரம் போடுகிறான் என்பதற்கும். நேரில் பார்த்தால் பெண் மாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்று அந்த அம்மாள் அடுத்த ஞாயிறு வரை மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் ஒரு வேன் கிளம்பியது. துர்கா, அம்மா, அப்பா போதும் என்றுதான் பேச்சு. மணியம்மை முன்சீட்டில் முன்கூட்டியே உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூட்டிப்போனால் எங்களை ஏன் கூடாது என்று இன்னும் சிலர். கடைசியில் தெருவில் நாய்கள்தான் மிச்சம்.

மனோரமா வீட்டைக் கழுவி, சன்னலுக்கெல்லாம் புதுக் கொசுவலை அடித்து வைத்திருந்தாள். துர்கா புடவை கட்டவில்லை. மையத்துக்குப் போகிற சுடிதாரில் வந்தாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை உட்காருகிற மாதிரி நடுக் கூடத்துப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தாள். திலீப் உள்ளேயிருந்து வந்து எதிரே பாயில் உட்கார்ந்தான், தலையைக் குனிந்துகொண்டான். அவன் வேண்டுமென்றே குனிகிறான் என்று தெரிந்து அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிரபாவதிக்கு ஏதோ ஏறிவிட்டது. இருபத்தாறு வருடமாகப் பெண்ணைப் பெற்றவளாகவே இருந்தவளுக்குக் கேள்வி கேட்கிற நாற்காலி கிடைத்துவிட்டது. பையனுக்குச் சமைக்கத் தெரியுமா என்றாள். ரசம் வரும் என்றாள் மனோரமா, குரல் உள்ளே போய். பாடுவானா? மாடு ஓட்டும்போது. கோபம் வருமா? அப்பாவைக் கொண்டிருக்கிறான், வராது. மணியம்மை தன் பங்குக்கு, பையன் கொஞ்சம் நடந்து காட்டட்டுமே என்றாள். பெண்களை நடக்கச் சொல்லித் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய வாய், பழக்கத்தில் வந்துவிட்டது.

மனோரமாவின் முகம் வெளுத்தது. மணியம்மையே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

திலீப் எழுந்தான். வாசலைத் தாண்டி, வயலுக்குப் போகிற வரப்பில் ஏறி நடந்தான். மெதுவாக நடந்தான், ஓரிடத்தில் கால் இழுத்தது, நின்று நிதானித்து மறுபடி நடந்தான். வலது கை அதன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது, அவன் அதை மறைக்கவில்லை. துர்கா நாற்காலியை விட்டு எழுந்து வரப்பில் அவன் பின்னாலேயே போனாள். முழு வேனும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அறுத்த வயலில் கொக்குகள் இரண்டு பேருக்கும் வழிவிட்டு நகர்ந்து நின்றன.

மோட்டார் கொட்டகைகிட்டே அவன் திரும்பினான். மூச்சு வாங்கியது. "நடந்துட்டேன். இப்ப சொல்லுங்க."

அவள் அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்லியிருக்கலாம். ஆனால் போன தடவை அப்பா எல்லோருக்கும் கேட்கத்தானே சொன்னார். துர்கா வாசலைப் பார்த்துத் திரும்பி, மையத்தில் டோக்கன் கூப்பிடுகிற குரலில் கத்தினாள்.

"எனக்குப் புடிச்சிருக்குது."

வயல் முழுக்கக் கேட்டது. முதலில் அழுதது மனோரமா. கட்டிப்பிடித்துக்கொண்டது, நம்பினால் நம்புங்கள், மணியம்மையை. சிவப்பிரகாசம் பக்கத்தில் நின்ற பங்காருவிடம், பெண்ணுக்குச் சம்மதந்தான் போலிருக்கிறது என்று அடங்கிய குரலில் சொன்னார்.

வண்டியில் ஏறிக் கிளம்பலாம் என்று பார்த்தால் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மனோரமா வாசலை மறித்துக்கொண்டாள். இருட்டுகிற நேரத்தில் என் வீட்டிலிருந்து ஒருத்தரும் வயல்காட்டைத் தாண்டக் கூடாது, உள்ளே போங்கள் எல்லோரும் என்றாள். அந்தக் குரலை எதிர்த்து நிற்கப் பங்காருவே பயந்தார். வேன் டிரைவர் உட்பட அத்தனை பேரையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள், சன்னல் வலைகளில் கொசு நுழைய ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். ஒரு கூடத்தில் ஒரு தெருவே, இரண்டே விசிறி. வியர்த்துக் கொட்டியது. பாயில் துர்காவும் திலீப்பும் நெருக்கத்தில் தோள் இடிக்க உட்கார வேண்டியதாயிற்று, வேறு இடமில்லை, யாரும் இடம் தேடவும் இல்லை. வைகாசியில் முகூர்த்தம், பந்தி எங்கே, மேளம் யார் என்று ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருந்தார்கள். பங்காரு அடுப்படியில் கேசரி கிளறிக்கொண்டிருந்தார், சொன்ன சொல் தவறாமல். கட்டியும் முட்டியுமாக இருந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே துர்கா அவனிடம் மையத்துக்கு வந்த ஒரு கிழவர் கதையை நடித்துக் காட்டத் தொடங்கினாள், தன் வயதை இருபது வருடம் குறைக்கச் சொல்லி அடம்பிடித்தவர். ஐப்பசிக்கு முன்னாலேயே ஒரு தடவை சொன்ன கதை. அவன் முதல் தடவையாகக் கேட்டுச் சிரித்தான். இப்படி இன்னும் எத்தனையோ கதைகள் கைவசம் இருக்கின்றன, அத்தனையும் இவனுக்குப் புதுசு என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடுத்ததை ஆரம்பித்தாள்.